நாலு சேனலையும் போட்டால் என்ன மிஞ்சும்? ரைகால் டிஎச்ஓ804-ம் சிக்லென்ட் எஸ்டிஎஸ்804எக்ஸ் எச்டி-யும்

ஸ்கோப் (மின் சிக்னலின் வடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்) பெட்டியில் போட்டிருக்கும் சாம்பிள் ரேட், அதாவது சிக்னலை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது, ஒரே ஒரு சேனல் (உள்ளீடு) ஓடும்போது கிடைப்பது. நாலு சேனல் ஸ்கோப் வாங்குகிறவர்கள் நாலையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள். அதனால் ஒப்பீட்டை அங்கிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

இரண்டுமே 70 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை (பேண்ட்வித்), 12 பிட், 7 அங்குலத் தொடுதிரை, நாலு சேனல். ரைகாலில் ஒரு சேனல் மட்டும் போட்டால் விநாடிக்கு 125 கோடி சாம்பிள். இரண்டு போட்டால் 62.5 கோடி, மூன்றோ நாலோ போட்டால் 31.25 கோடி. சிக்லென்டில் இதே வரிசை 200, 100, 50 கோடி.

31.25 கோடி என்றால் 70 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையின் ஒரு சுற்றுக்கு நாலரைப் புள்ளி. சைன் அலைக்கு அது போதும். சிக்கல் டிஜிட்டல் சிக்னலின் கூர்மையான விளிம்பில்தான். 70 மெகாஹெர்ட்ஸ் என்பது கத்தி வெட்டு அல்ல. அதற்கு மேலுள்ள அதிர்வெண்களும் பலவீனமாக உள்ளே வரும். அவற்றில் சாம்பிள் ரேட்டில் பாதியான 156 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியவை மடிந்து கீழே விழுந்து, இல்லாத வடிவத்தைக் காட்டும். விளிம்பின் உச்சி ஒவ்வொரு டிரிகருக்கும் (ஸ்கோப் சிக்னலைப் பிடிக்கும் கணம்) கொஞ்சம் மாறி நடுங்கினால் சந்தேகப்படுங்கள். மற்ற மூன்று சேனலையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். வடிவம் மாறினால் அது உங்கள் போர்டின் குற்றம் இல்லை. சிக்லென்டில் நாலும் ஓடும்போது இந்த எல்லை 250 மெகாஹெர்ட்ஸ். ரைகாலின் அலைவரிசையை மென்பொருள் வழியாக உயர்த்திக்கொள்கிறவர்கள், நாலு சேனலில் இந்தத் தொல்லையைத் தாங்களே வளர்த்துக்கொள்கிறார்கள்.

70 மெகாஹெர்ட்ஸ் போதுமா என்றால், 0.35-ஐ அதால் வகுத்தால் 5 நானோவிநாடி வரும். அதுதான் ஸ்கோப்பின் சொந்த ஏறுநேரம். 5 நானோவிநாடி விளிம்பு ஒன்று திரையில் 7 ஆகத் தெரியும். ஆர்டுயினோ, ஆடியோ, சுவிட்சிங் சப்ளை எல்லாவற்றுக்கும் இது தாராளம்.

12 பிட் விஷயத்தில் விளம்பரம் கொஞ்சம் ஓவர். பிட் என்பது சிக்னலின் உயரத்தை எத்தனை படியாகப் பிரிக்கிறது என்பதைச் சொல்வது: 8 பிட்டில் 256 படி, 12 பிட்டில் 4096. 3.3 வோல்ட் ரெயிலை (சப்ளை கோடு) திரையில் கட்டத்துக்கு 1 வோல்ட்டில் வைத்தால், 8 கட்டத்துக்கு 8 பிட் ஸ்கோப்பின் ஒரு படி 31 மில்லிவோல்ட். 12 பிட்டில் 2 மில்லிவோல்ட். ரெயிலில் 20 மில்லிவோல்ட் ரிப்பிள் (சிற்றலை) இருந்தால் பழைய 8 பிட்டில் ஒரு படிக்குள்ளேயே மறைந்துவிடும். ஆனால் ஏசி கப்ளிங்குக்கு (நிலையான டிசி-யைத் தடுத்து, மாறும் பகுதியை மட்டும் உள்ளே விடுவது) மாறி, கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட்டில் வைத்தால் பழையதும் காட்டும். உண்மையான லாபம், சப்ளை பூஜ்யத்திலிருந்து ஏறுவதை முழுசாகப் பிடித்துவிட்டு, அதே பதிவில் ஒரு மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான். அங்கே ஏசி கப்ளிங் உதவாது. இந்த வேலையில் இரண்டும் சமம்.

மெமரி ரைகாலில் அதிகபட்சம் 2.5 கோடிப் புள்ளி, சிக்லென்டில் 5 கோடி. முழு வேகத்தில் முறையே 20, 25 மில்லிவிநாடிப் பதிவுதான். சிப்புகள் பேசிக்கொள்ளும் 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யைப் பார்க்க அவ்வளவு வேகம் தேவையே இல்லை. சாம்பிள் ரேட்டை விநாடிக்கு 1 கோடிக்கு இறக்கினால் 1 கோடிப் புள்ளியில் ஒரு முழு விநாடி அடங்கும். டீகோடில் (சிக்னலை எழுத்தாக மாற்றிக் காட்டுவது) ஐ2சி, எஸ்பிஐ, யுஆர்ட் இரண்டிலும் உண்டு. வண்டிகளில் ஓடும் கேன், லின் சிக்லென்டில் கூடவே வரும். ரைகாலில் அதற்கு டிஎச்ஓ900 வரிசைக்குப் போக வேண்டும். வண்டி எலக்ட்ரானிக்ஸ் பார்ப்பவருக்கு இதோடு முடிவு தெரிந்துவிடும்.

சப்ளையின் ஃபீட்பேக் லூப்பை அளக்க போடே பிளாட் (அதிர்வெண் மாற மாற வலிமையும் ஃபேஸும் எப்படி மாறுகின்றன என்ற வரைபடம்) வேண்டுமா? சிக்லென்டில் எஸ்ஏஜி1021ஐ ஜெனரேட்டரை யுஎஸ்பி-யில் இணைத்தால் முடியும். டிஎச்ஓ804-ல் அந்த வசதி இல்லை. உள்ளேயே ஜெனரேட்டர் உள்ள 914எஸ் அல்லது 924எஸ் வாங்க வேண்டும்.

ரைகாலின் பலம் வேறு இடத்தில். யுஎஸ்பி-சி-யில் ஓடுகிறது. 15 வோல்ட், 3 ஆம்பியர் தரும் பவர் பேங்க் இருந்தால் மொட்டை மாடியிலும் வேலை பார்க்கலாம். எச்டிஎம்ஐ உண்டு, மானிட்டர் ஸ்டாண்டில் மாட்டும் துளைகளும் உண்டு. விலையும் பொதுவாகக் குறைவு.

அந்த யுஎஸ்பி-சி-யே ஒரு கண்ணியும். சிக்லென்ட் மூன்று பின் கயிற்றில் ஓடுவதால் பிஎன்சி-யின் (புரோப் மாட்டும் இணைப்பு) வெளிக்கூடு எர்த்தில் இருக்கும். ரைகாலை இரண்டு பின் அடாப்டரில் போட்டால் கூடு மிதக்கும். தொட்டால் சுருக்கென்று இருக்கும். அதற்காகத்தான் பின்பக்கத்தில் எர்த் முனை ஒன்று இருக்கிறது, அதில் கம்பி போடுங்கள். ‘மிதந்தால் நல்லதுதானே, எஸ்எம்பிஎஸ் பிரைமரியில் (சுவிட்சிங் சப்ளையின் மெயின்ஸ் பக்கம்) கிரவுண்டு கிளிப்பை மாட்டலாமே’ என்று தோன்றும். 230 வோல்ட் லைனில் அதைச் செய்தால் ஸ்கோப்பின் கூடு முழுக்க மின்சாரம் இருக்கும், யுஎஸ்பி கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் வரை. எர்த் உள்ள ஸ்கோப்பில் செய்தால் கிளிப் பொறியோடு எரியும். இரண்டிலும் சரியான வழி டிஃபரன்ஷியல் புரோப் (இரண்டு புள்ளிக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் அளப்பது).

ரிங்கிங் (விளிம்புக்குப் பின் வரும் அதிர்வு) தெரிகிறது என்று ஸ்கோப்பை மாற்ற நினைக்கும் முன் புரோப்பைப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் கிரவுண்டு வயருக்குச் சுமார் 150 நானோஹென்ரி. புரோப்பின் 15 பிகோஃபாரடோடு சேர்ந்தால் 106 மெகாஹெர்ட்ஸில் மணி அடிக்கும். கிளிப்பைக் கழற்றி, முனையோடு ஒட்டிய ஸ்பிரிங் கிரவுண்டைப் போட்டால் பாதி ரிங்கிங் காணாமல் போகும்.

எங்கள் தேர்வு: எஸ்பிஐ-யின் நாலு கம்பியையும் ஒன்றாகப் பார்ப்பவர், கேன் வேலை, சப்ளை வடிவமைப்பு செய்பவர் சிக்லென்ட். மேசை சின்னது, அடிக்கடி தூக்கிப் போக வேண்டும், பெரும்பாலும் இரண்டு சேனல் என்றால் ரைகால். இரண்டிலும் 50 ஓம் உள்ளீடு கிடையாது; தேவையானால் டெர்மினேட்டரை வெளியே மாட்டிக்கொள்ளுங்கள்.

8 பிட் ஸ்கோப்புகளான சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ-யும் ரைகால் டிஎஸ்1054இசட்-டும் செகண்ட் ஹேண்டில் மலிவாக வந்தால் மட்டும் பார்க்கலாம். முதலாவது 100 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்) உள்ளது. அதனால் 1, 3 என்று ஜோடி மாற்றிப் போட்டால் இரண்டு சேனலிலும் முழு 100 கோடி சாம்பிள் கிடைக்கும். இரண்டாவது, டீகோடைத் திரையில் தெரிவதை வைத்தே செய்யும்; சுருக்கிப் பார்த்தால் எழுத்து தப்பாக வரும். வாங்கும் முன் அரை மணி நேரம் சூடாக்குங்கள். ஒவ்வொரு சேனலிலும் ஒரே புரோப்பில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைப் போட்டு உயரம் ஒன்றா என்று பாருங்கள். பிறகு புரோப்பைக் கழற்றிவிட்டு எல்லா வோல்ட் அளவிலும் கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று திருகிப் பாருங்கள். ஒரு சேனல் மட்டும் குதித்தால் அதன் உள்ளீட்டில் யாரோ எதையோ எரித்திருக்கிறார்கள்.