லோரோங் கூலிட் சந்தையில் பழைய லீவர் பூட்டு வாங்கலாமா?

பினாங்கில் பழைய லீவர் பூட்டு, அதாவது சாவி உள்ளிருக்கும் தகடுகளைத் தூக்கித் திறக்கும் பூட்டு, வேண்டுமென்று யாரைக் கேட்டாலும் ஜார்ஜ்டவுன் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தையைத்தான் கைகாட்டுவார்கள். தப்பில்லை. பூட்டு கிடைக்கும். அதன் சொந்தச் சாவி கிடைப்பது அரிது. கூடவே சொல்லப்படும் கதையை மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இது காலைச் சந்தை. தார்ப்பாய் விரித்த தரையில் கடிகாரம், பித்தளைச் செம்பு, தையல் இயந்திர உதிரிகளுக்கு நடுவே பூட்டும் குவிந்து கிடக்கும். வெயில் ஏறினால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மழை வந்தால் அதற்கும் முன்பே. கையில் ஒரு சின்ன டார்ச், ஒரு காந்தம், முனையை வளைத்த மெல்லிய கம்பி, முடிந்தால் ஒரு வெர்னியர் அளவுகோல் இருக்கட்டும். "அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

விலை சொல்பவர் முகப்பைப் பார்த்துச் சொல்வார். கிரீடமும் 'வி.ஆர்.' எழுத்தும் இருந்தால் விலை ஏறும். விக்டோரியா அரசியின் காலம் 1837 முதல் 1901 வரை, 'ஜி.ஆர்.' என்றால் ஐந்தாம் அல்லது ஆறாம் ஜார்ஜ், அதாவது 1910க்குப் பிறகு. ஆனால் அந்தக் கிரீடம் அரசாங்கச் சொத்து என்பதற்கு அத்தாட்சி அல்ல. இங்கிலாந்தில் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போன வில்லன்ஹால், வுல்வர்ஹாம்டன் பட்டறைகள் சாதாரண விற்பனைப் பூட்டிலும் அதை அலங்காரமாகப் பொறித்தன. 'எஃப்.எம்.எஸ்.ஆர்.' என்று இருந்தால் கூட்டு மலாய் மாநில இரயில்வே. அந்தப் பெயர் 1901 முதல் 1948 வரை வழக்கில் இருந்தது. தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை ஊர் வரை வந்த தடம் அவர்களுடையது என்பதால் இங்கே அப்படியொரு பூட்டு கிடைப்பது நடக்காத காரியமல்ல. ஆனாலும் இரயில்வே பூட்டு என்ற பெயரில் புதிதாகச் செய்து பழசாக்கிய சரக்கும் நிறைய உலவுகிறது. அச்சால் அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். பழைய பூட்டிலிருந்து அச்செடுத்து வார்த்த எழுத்து மழுங்கிக் குழைந்திருக்கும். வளையம் உரசும் இடமும் குழியான இடமும் ஒரே அளவில் கறுத்திருந்தால் அது அமிலத்தின் வேலை.

உண்மை சாவித்துளைக்குள் இருக்கிறது. டார்ச் அடித்தால் தகடுகள் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும். கம்பியால் ஒவ்வொன்றாக மெல்லத் தூக்குங்கள். ஸ்பிரிங் எதிர்த்து, விட்டதும் கீழே விழுந்தால் அது லீவர். ஒன்றுமே அசையாமல் சுவரில் வெறும் தடுப்பு விளிம்புகள் மட்டும் இருந்தால் அது வார்டு பூட்டு; பழசாக இருக்கலாம், லீவர் விலை கொடுக்கத் தேவையில்லை. லீவர் பூட்டில் ஒவ்வொரு தகட்டையும் சாவி அதற்குரிய உயரத்துக்குச் சரியாகத் தூக்கினால்தான் தகடுகளின் காடிகள் ஒரே கோட்டில் வந்து, தாழிலுள்ள முளை உள்ளே நுழையும். குறைவாகத் தூக்கினாலும் கூடத் தூக்கினாலும் தாழ் நகராது. ஆங்கிலேயர் ராபர்ட் பேரன் 1778இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

சாவியோடு கிடைத்தால் பல்லின் விளிம்பிலுள்ள படிகளை எண்ணுங்கள். ஒரு படி தாழைத் தள்ள, மீதி லீவருக்கு. அடுத்தடுத்த இரண்டு லீவருக்கு ஒரே உயரம் என்றால் படிகள் ஒட்டி அகலமாகத் தெரியும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முகப்பில் 'ஆறு லீவர்' என்று அடித்துவிட்டு, சாவியில் இரண்டே வேறுபட்ட உயரம் இருக்கும் மலிவுப் பூட்டுகள் ஏராளம்.

'ஆர்.டி.' என்ற எழுத்துக்குப் பின் எண் இருந்தால் அதிர்ஷ்டம்தான். பிரிட்டனில் வடிவமைப்புப் பதிவு எண்கள் 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கின. ஏறக்குறைய மூன்றரை இலட்சத்துக்குக் கீழே என்றால் பதிவு 1900க்கு முந்தையது. இது வடிவம் பதிவான காலம். அதே வடிவத்தில் பூட்டைப் பின்னாலும் பல ஆண்டுகள் செய்திருக்கலாம். அந்தப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. திண்டுக்கல், அலிகார் பூட்டுகளுக்கு இந்த வசதி கிடையாது. அடைப்பும் ரிவிட் வேலையும் சாவியின் வெட்டும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிட்டங்கிச் (வட்டித்தொழில் நடந்த இடம்) செட்டியார் பெட்டியில் தொங்கியது என்று யாராவது சொன்னால், கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

காந்தம் உடலில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம். வளையத்தில் ஒட்டுவது இயல்பு. பித்தளை உடலுக்கும் இரும்பு வளையம் போடுவது வழக்கம். ரிவிட் தலை மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக, அரத்தால் தேய்த்ததுபோல் இருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்து பார்த்திருக்கிறார்கள். லீவர் ஒன்றிரண்டு எடுத்தும் இருப்பார்கள்.

உதிரிச் சாவிகளைக் கைநிறைய விற்பவர்களிடம்தான் இந்தச் சந்தையின் உண்மையான லாபம் இருக்கிறது, பொறுமை இருந்தால். தொங்குபூட்டில் பெரும்பாலும் குழல் சாவி. பூட்டின் நடு ஊசி அதன் துளைக்குள் நுழைய வேண்டும். ஊசியின் விட்டம், சாவித்துளையின் உயரம், முகப்பிலிருந்து பின்சுவர் வரை ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். துளை பெரிதாக இருந்தால் சாவி ஆடும், லீவர் தவறான உயரத்தில் நிற்கும். துளை சிறிதாக இருந்தால் தட்டி இறக்காதீர்கள், குழல் பிளந்துவிடும். சாவியில்லாத பூட்டுக்கு, சாவியுள்ளதன் விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது எங்கள் கணக்கில் வீண். நகரத்துச் சாவிக் கடைகளின் இயந்திரம் தட்டைச் சாவிக்கானது. குழல் சாவி என்றால் கையால் அரம் போடத் தெரிந்தவரைத் தேட வேண்டும், கூலி பூட்டின் விலையைத் தாண்டிவிடும்.

சப் என்ற ஆங்கிலேயப் பூட்டு நிறுவனத்தின் டிடெக்டர் பூட்டு அகப்பட்டால் ஒரு விஷயம். சொந்தச் சாவி போட்டும் திறக்கவில்லையென்றால் கெட்டுப்போனது என்று ஒதுக்காதீர்கள். தப்புச் சாவி ஏதாவது லீவரை அளவுக்கு மேல் தூக்கியிருந்தால் அது மாட்டிக்கொண்டு நிற்கும். சரியான சாவியை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பினால் விடுபடும். மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு 1818இல் வந்தது; தனிச் சாவி இல்லாமல் சொந்தச் சாவியாலேயே விடுவிக்கும் வசதி 1824இல். தெரியாதவர் விலையைக் குறைத்துச் சொல்வது இங்கேதான்.

பினாங்கின் கடற்காற்றில் முதலில் போவது லீவர் ஸ்பிரிங். தூக்கிய தகடு திரும்பி இறங்காமல் நின்றால் ஒன்று ஸ்பிரிங் ஒடிந்திருக்கிறது, அல்லது பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டு, கரைந்த அழுக்கை வடித்து, காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் போடுங்கள். மெருகு திரவத்தைப் பித்தளையில் ஊறவிட வேண்டாம். தேய்ப்பில் எழுத்து அழியும், அம்மோனியா கலந்ததானால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை விரிசல் விடவும் கூடும். திறந்த நிலையில் பலமுறை சாவி ஓட்டி, தாழ் தடங்கலின்றி வந்துபோவது உறுதியாகும்வரை வளையத்தை அழுத்தி மூடாதீர்கள்.