கமிட்டிக்கு எத்தனை மார்க்?

இசை விழா முடிந்ததும் யார் நன்றாக வாசித்தார், யாருக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். எனக்கு அந்த வேலை வராது. மேற்கு மாம்பலத்தில் ஆபீஸ் போட்டு, டிரஸ்ட், சொசைட்டி கணக்குகளைத் தணிக்கை செய்து பிழைக்கிறவள் நான். சூவனீர் என்கிற விழா மலர் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திருப்புவேன். அறங்காவலர்கள் யார், பொருளாளரும் ஸ்பான்சரும் ஒரே வீட்டுக்காரர்களா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் நிகழ்ச்சி நிரல். கூட வந்த ஆர்ட்டிகிள் பையன், சி.ஏ. படிப்புக்காக என் ஆபீஸில் பயிற்சி எடுக்கிறவன், கேட்டே விட்டான்: “மேடம், பாட்டு கேக்க வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா?” இரண்டுக்கும்தான்.

ஜனவரியில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு ஏசி அரங்கில் மூன்று மாலை நடந்த சமகால இசை விழா அது. பெயர் போடவில்லை, போனவர்களுக்குப் புரியும். லேப்டாப்போடு வீணை, புதிதாக எழுதிய மெட்டுகளை வாசிக்கும் நாலு பேர் வயலின் குழு, தமிழில் பாடும், சினிமா சாராத இண்டி பேண்டுகள், டிரம்ஸோடு பறை என்று பட்டியல் ஆசையாகத்தான் இருந்தது. நடத்துவது ஒரு டிரஸ்ட். ஐந்து அறங்காவலர்கள், நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு க்யூரேட்டர், இவர்களுக்கு மேலே பதினொரு பேர் கொண்ட ஆலோசனைக் குழு. சூவனீரில் அந்தப் பதினொரு பேருக்கும் கால் பக்கப் போட்டோ. மெட்டு எழுதியவர்களின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இல்லவே இல்லை, வாசித்தவர்கள் பெயர் மட்டும்தான். புது இசைக்கென்றே நடக்கும் விழாவில் இதை யாரும் கவனிக்கவில்லை என்பது எனக்கு ஜீரணமாகவில்லை.

க்யூரேட்டர் என்று ஒரு பதவி இருப்பதே நம் ஊருக்குப் புதிது. நமக்குப் பழக்கம் சபாவின் ‘செக்ரட்டரி மாமா’. யாரைப் பாட வைப்பது, எந்த ஸ்லாட், காண்டீன் யாருக்கு, முதல் வரிசையில் யார் உட்காருவது எல்லாம் அவர் கையில். அதைக் கேலி செய்து சபாக்காரர்களே ஜோக் சொல்வார்கள். ஆனால் அந்த முறையை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. ஸ்ரீ கிருஷ்ண கான சபாவை யக்ஞராமன் நடத்திய காலத்தில்தான் 1981இல் நாட்டிய கலா மாநாடு தொடங்கியது. பொதுக்குழுவைக் கூட்டி ஓட்டெடுத்திருந்தால் அது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒரு ஆளுக்கு ருசியும் பிடிவாதமும் இருந்தால் சபா பிழைக்கும். இல்லாவிட்டால் கல்யாண மண்டபமாகிவிடும்.

வெளிநாட்டு முறை வேறு. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் 1978இலிருந்து சமகால இசைக்கென்றே ஒரு விழா நடக்கிறது. பெரிய ஊர் கிடையாது, மழையும் குளிருமான நவம்பரில் நடக்கும். அதை ஆரம்பித்த ரிச்சர்ட் ஸ்டைனிட்ஸ் 2001 வரை அவரே கலை இயக்குநர். அவருடைய காதுதான் விழா. ஆனால் சட்டப்படி அது ஒரு தொண்டு நிறுவனம். மேலே அறங்காவலர் குழு இருக்கும், பணத்துக்கும் சட்டத்துக்கும் அவர்கள் பொறுப்பு, என்ன இசை என்பதற்கு இயக்குநர் பொறுப்பு. அவர் போன பிறகும் விழா நிற்கவில்லை, வேறு ஆட்கள் வந்து நடத்துகிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது, யாரை எதற்காகத் திட்டலாம் என்று ரசிகருக்குத் தெரிந்திருப்பது.

ஆழ்வார்பேட்டை விழாவும் காகிதத்தில் இப்படித்தான். முதல் நாள் நிஜத்திலும் இப்படியே நடந்தது. க்யூரேட்டர் முப்பது வயதைத் தொடாத பெண், தானே மெட்டு எழுதுகிறவர். ஆரம்பிக்க அரை மணி இருக்கும்போது ஸ்பீக்கரில் ஒரு ‘ம்ம்ம்’ என்ற ஹம் விடாமல் வந்தது. அவர் மேடைக்கும் மிக்ஸருக்கும் ஓடி, ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லி, கடைசியில் லைட்டும் லேப்டாப்பும் ஒரே மின்சார லைனில் போவதைக் கண்டுபிடித்தார். அதே நேரம் வாசலில் ஓர் அறங்காவலர், ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி, தாமதத்துக்குத் தானே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். க்யூஆர் கோடு வேலை செய்யாத ஒரு தம்பதியைக் கையால் எழுதிய சீட்டுடன் உள்ளே அனுப்பினார். “கணக்கை நான் ராத்திரி சரி பண்ணிக்கறேன், நீங்க போய் உக்காருங்க சார்” என்றார். இந்த இரண்டு பேருக்காகவே முதல் நாளுக்கு எண்பது மார்க் கொடுக்கலாம். வீணையும் லேப்டாப்பும் எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாம் நாள்தான் வண்டி தடம் மாறியது. வடசென்னையிலிருந்து கானாப் பாடகரோடு வரும் ஒரு பேண்டுக்கு ஏழு மணி என்று அச்சடித்திருந்தார்கள். முதல் நாள் இரவு இன்ஸ்டாகிராமில் பார்த்தால் ஐந்தே கால். ஏழு மணிக்குப் புதிதாக ஒரு ‘ஃப்யூஷன்’ குழு முளைத்திருந்தது. அதன் கீபோர்டு கலைஞர் முக்கிய ஸ்பான்சர் வீட்டுப் பிள்ளை என்பது லாபியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஐந்தே காலுக்கு அரங்கில் முக்கால்வாசி நாற்காலி காலி. ஆபீஸ் முடிந்து ஓடிவந்தவர்கள் உள்ளே நுழையும்போது பேண்ட் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தது. மாற்றியது யார் என்று கேட்டேன். க்யூரேட்டர், “டிரஸ்ட்ல சொன்னாங்க மேம்” என்றார். அறங்காவலர் ஒருவர், “ப்ரோக்ராம் முழுக்க க்யூரேட்டர் பொறுப்பு, நாங்க தலையிடறதே இல்ல” என்றார். இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்க ஆசைதான். பையன் கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

மியூசிக் அகாடமியை எப்படி வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் விதை போட்டு 1928இல் பிறந்த அமைப்பு, வயதுக்கேற்ற பிடிவாதமும் உண்டு. ஆனால் 2024இல் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவுக்கு சங்கீத கலாநிதி விருது அறிவித்து, அதை எதிர்த்துப் பாடகிகள் ரஞ்சனி-காயத்ரி உள்ளிட்ட சிலர் அந்த வருட விழாவிலிருந்து விலகியபோது, தலைவர் என்.முரளி தன் பெயரில் பதில் எழுதினார். எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரிலான விருதைக் கிருஷ்ணாவுக்குத் தருவது தொடர்பாக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த முடிவு சரியா தப்பா என்று மயிலாப்பூரில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் யார் முடிவெடுத்தது, யார் பதில் சொல்வது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. மாறாக, 2023 செப்டம்பரில் பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்கள் வெளியே நின்று தவித்தபோது, டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று இசையமைப்பாளரே கேட்க வேண்டி வந்தது. பாடுகிறவர் பாட்டுக்குத்தானே பொறுப்பு? பார்க்கிங்குக்குமா?

அன்றைய கொடுமை இதோடு முடியவில்லை. வயலின் குழு மேடையில் உட்கார்ந்த பிறகு ஆலோசனைக் குழுவினருக்குப் பொன்னாடை. பதினொரு பேரில் வந்தவர்கள் நாலு பேர். சம்பந்தி வீட்டார் மாதிரி நேராக முன்வரிசை சோபா, மரியாதை, போட்டோ, கார். ஒவ்வொருவரும் பேசினார்கள். ஒருவர் சமகால இசைக்கும் சாம வேதத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். அந்த நேரம் முழுக்க நான் அந்தக் குழுவில் செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடை லைட்டின் சூடு ஒரு பக்கம், ஏசி காற்று ஒரு பக்கம். சுருதி இறங்க இறங்க, மைக் சத்தத்துக்குக் கீழே விரலால் தந்தியைச் சுண்டிக் காதை வைத்துக் கேட்டு, முறுக்கி, மறுபடி சுண்டி, மறுபடி முறுக்கி. கடைசிச் சால்வையின்போது வில்லை மடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அறங்காவலர்களில் ஒருவர்கூட எழுந்துபோய் மைக்கை வாங்கவில்லை. பேங்க் அதிகாரி அன்று வாசலில்தான் நின்றார், பாவம்.

இனி கொஞ்சம் என் தொழில். இந்த விழா ஏன் சொசைட்டியாக இல்லாமல் டிரஸ்டாக இருக்கிறது? தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி நடக்கும் சபாவில் உறுப்பினர் உண்டு, வருடா வருடம் பொதுக்குழு உண்டு, கமிட்டியின் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. மறுபடி நிற்கலாம், நிற்கவும் செய்வார்கள்; ஆனாலும் நின்றாக வேண்டும், ஒரு கோபக்கார மெம்பராவது எழுந்து கேள்வி கேட்பார். டிரஸ்டில் பத்திரத்தில் எழுதியதுதான் வேதம். ஆயுள் முழுக்க அறங்காவலர் என்று எழுதிக்கொண்டால் ஆயுள் முழுக்கத்தான். நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை இரண்டு வகைக்குமே கிடைக்கும். ஆகவே ரசிகர் கையில் இருக்கிற ஒரே ஓட்டு டிக்கெட்தான்.

அந்த டிக்கெட் ஒரு நாளைக்கு 499 ரூபாய். செருப்புக் கடை விலை என்று சிரிக்காதீர்கள். இசை நிகழ்ச்சிக்குத் தலைக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை, அதைத் தாண்டினால் உண்டு. பொருளாளர் விவரமானவர். கலைஞர் பக்கம் இன்னொரு வேடிக்கை: நாட்டுப்புற, செவ்வியல் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை வாங்கினால் அதற்கு ஜிஎஸ்டி விலக்கு. சமகால இசைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. வீணையை வீணையாக வாசித்தால் விலக்கு. அதை லேப்டாப்பில் விட்டு வாசித்தால் எந்தப் பெட்டியில் போடுவது? இந்த மாதிரிச் சின்னக் கலைஞர்களுக்கு வருட வருமானம் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பான இருபது லட்சத்தைத் தாண்டாததால் பெரும்பாலும் பிரச்சினை வராது என்பது வேறு கதை. ஆனால் விழா நடத்துகிறவர்கள் இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கலைஞர்களுக்குக் கொடுத்தால் எவ்வளவு உபகாரம்! சம்பளம் எப்போது வரும் என்றே தெரியாமல் ஒருவர் காபி கவுண்டரில் புலம்பிக்கொண்டிருந்தார். ஸ்பான்சர் செக் வந்த பிறகாம்.

இதே ஊரில் வேறு மாதிரியும் நடக்கிறது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2020இலிருந்து நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’யில் கானா, பறை, ஒப்பாரி, ராப் எல்லாம் ஒரே மேடையில் வருகின்றன. பிறகு மதுரை, கோவை வரை அது போனது. அங்கே மேடை யாருக்கானது என்று நடத்துகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பிடித்தவர்கள் வருகிறார்கள், பிடிக்காதவர்களுக்கும் ஏன் பிடிக்கவில்லை என்று தெரியும். ஐஐடியின் சாரங் விழாவோ முழுக்க மாணவர்கள் கையில். வருடத்துக்கு வருடம் ஆள் மாறும், போன வருடம் கற்றது இந்த வருடம் காணாமல் போகும். ஆனாலும் பரம்பரைப் பதவி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆர்ட்டிகிள் பையன் சாரங்கில் வாலன்டியராக இருந்தவன், இந்த வாக்கியத்தை எழுதச் சொன்னவனும் அவன்தான்.

மூன்றாம் நாள் பறையும் டிரம்ஸும். பேச்சு இல்லை, சால்வை இல்லை, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் திட்டு காதில் விழுந்திருக்க வேண்டும். கேட்டால் திருந்துகிற கமிட்டி என்பதை வரவில் வைக்கிறேன்.

மார்க் என்று போட்டால் க்யூரேட்டருக்கு எழுபத்தைந்து; நேர மாற்றத்தை எதிர்த்து ஒரு வரி எழுதியிருந்தால் தொண்ணூறு. பேங்க் அதிகாரிக்கு முழு மார்க். மற்ற நாலு அறங்காவலர்களுக்கு முப்பத்தைந்து, பார்டர் பாஸ். ஆலோசனைக் குழு ஆப்சென்ட்.

அடுத்த முறை போக நினைக்கிறவர்களுக்கு: நான் போனபோது மெட்ரோ வேலையால் சாலை பாதிதான் இருந்தது, கார் எடுக்காதீர்கள். கீழ்த்தளத்தில் டூவீலருக்கு இடம் உண்டு. காபி அறுபது ரூபாய், சுமார். மூன்று நாள் பாஸ் 1,200 ரூபாய்க்கு வாங்க வேண்டாம், நிகழ்ச்சி நேரம் உறுதியான பிறகு தனித்தனியாக வாங்குங்கள். பால்கனியில் வலப்பக்கம் உட்கார்ந்தால் சத்தம் நன்றாகக் கேட்கும், சோபாவும் கண்ணில் படாது.