1/72 வாட்டர்லூ சிப்பாய்ப் பெட்டிகள்: தலையை எண்ணாதீர்கள், நடையை எண்ணுங்கள்

நெப்போலியன் காலப் போர்க்களத்தைப் பெரிய அளவில் கட்ட நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது 1/72 (நிஜ ஆளில் 72இல் ஒரு பங்கு) அளவு மென்பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளிடம்தான். வர்ணம் பூசியே வரும் 54 அல்லது 60 மி.மீ. உலோகச் சிப்பாய்கள் கண்ணாடி அலமாரிக்கு அழகு. ஆனால் நூறு பேரை நிறுத்துவதற்குள் பணமும் மேசையும் தீர்ந்துவிடும். 28 மி.மீ. கடின பிளாஸ்டிக்கில் செதுக்கல் அருமை, ஆனால் ஒவ்வொருவனுக்கும் தலை, கை, முதுகுப்பை என்று தனித்தனியாக ஒட்டியாக வேண்டும். 1/72 பெட்டியில் பெரும்பாலும் வார்ப்புச் சட்டத்திலிருந்து (பொம்மைகளைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கம்பி) வெட்டியெடுத்தால் ஆள் தயார்.

சிறிது என்று நினைத்து ஏமாறவும் கூடாது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் நடந்த 1815இல் 500 பேர் கொண்ட ஆங்கிலேய பட்டாலியன் (காலாட்படைப் பிரிவு) இரண்டு வரிசையாக நின்றால், ஆளுக்கு ஏறத்தாழ 56 செ.மீ. வீதம் 140 மீட்டர் நீளும். 1/72இல் அது கிட்டத்தட்ட 1.95 மீட்டர். ஒரே ஒரு பட்டாலியன்! அதனால் 20 பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்து, 24 அல்லது 25 பொம்மைகளில் முடிப்பதே வழக்கம். இது ஏமாற்று வேலை இல்லை. லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் உள்ள வில்லியம் சைபோர்னின் 1838ஆம் வருட வாட்டர்லூ மாதிரியில் நிலம் ஒரு மைலுக்கு 9 அடி, அதாவது சுமார் 1/587. அதில் நிற்கும் 75,000 சொச்சம் சிப்பாய்களோ 10 மி.மீ. உயரம், நிலத்தின் அளவுக்கு மூன்று மடங்குக்கு மேல் பெரியவர்கள். பார்ப்பவர்களுக்கு அது உறுத்துவதில்லை.

இனி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அட்டையில் போட்டிருக்கும் எண்ணிக்கை ஏறக்குறைய பயனற்ற தகவல். அணிவகுப்புக்கு வேண்டியது துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கும் ஆள். பழைய பாணிப் பெட்டிகளில் மண்டியிடுபவன், துப்பாக்கிக் கட்டையால் அடிப்பவன், குண்டடிபட்டுச் சாய்பவன் என்று வகைக்கு இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், நடப்பவர்கள் சொற்பம். அப்படிப்பட்ட மூன்று பெட்டி வாங்கினாலும் பிரெஞ்சுக்காரர்களின் ஒரு அடர்ந்த அணி உருப்படியாகத் தேறாது. கையை விரித்து நிற்பவர்களை நெருக்கியும் நிறுத்த முடியாது, பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) முன்னால் நிற்பவன் முதுகில் இடிக்கும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய வாட்டர்லூ வரிசை இந்த ரகம்: முகத்தில் உயிர் உண்டு, அணிக்கு ஆகாது. ஹாட் நிறுவனம் நடப்பவர்கள், சண்டையிடுபவர்கள், அதிகாரிகள் என்று தனித்தனிப் பெட்டி போட்டிருக்கிறது. பெரிய டயோரமாவுக்கு (காட்சி மாதிரிக்கு) முதல் தேர்வு அதுதான். முகம் சற்றுச் சப்பை, ஆனால் நூறு பேர் சேர்ந்து நிற்கும்போது யார் முகத்தைப் பார்க்கப் போகிறார்கள்? இத்தாலேரி நிறுவனத்தின் பல பெட்டிகள் எஸ்கி என்ற இன்னொரு நிறுவனத்தின் பழைய அச்சுகளிலிருந்து வந்தவை. பழைய எஸ்கியை ஏற்கெனவே வைத்திருந்தால் படத்தை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அதே ஆளுக்கு இரண்டாம் முறை காசு கொடுப்பீர்கள்.

உயரமும் ஒத்துப்போகாது. 170 செ.மீ. மனிதன் 1/72இல் 23.6 மி.மீ. இருக்க வேண்டும். ஏர்ஃபிக்ஸின் ஆரம்பகாலப் பொம்மைகள் ஹெச்ஓ/ஓஓ என்ற ரயில் மாதிரி அளவுக்குச் செய்தவை, ஆகவே குட்டை. ஒரே பட்டாலியனில் கலக்காமல், ஒரு படைப்பிரிவு முழுக்க ஒரே தயாரிப்பாக வைத்தால் வித்தியாசம் தெரியாது. குட்டையானவர்களைப் பின்வரிசைக்கு அனுப்பினால் தூரம் கூடியது போலவும் தோன்றும்.

உடுப்பு விஷயத்தில் 'நெப்போலியன் காலம்' என்ற சொல்லை நம்பக் கூடாது. பிரெஞ்சுக் காலாட்படைச் சட்டை 1812 விதிமுறையில் மாறியது: முன்பக்கம் இடுப்புவரை மூடியிருக்கும், வால் குட்டை. மார்பு திறந்து உள்சட்டை தெரிந்தால், வால் நீண்டிருந்தால், அது அதற்கு முந்தையது. 1805ஆம் வருட ஆஸ்டர்லிட்ஸ் போருக்குச் சரி, வாட்டர்லூவுக்குத் தவறு. சட்டையை மறைக்கும் நீள்கோட்டுப் போட்ட பெட்டி கிடைத்தால் அதை எடுத்துவிடலாம், தலைவலி குறையும்.

வர்ணம் உரிவதுதான் இந்தப் பொம்மைகளின் பெரிய குறை. பொருள் பாலிஎத்திலீன் வகை. மெழுகு போன்ற அதன் மேற்பரப்பில் எதுவும் பிடிப்பதில்லை, போதாக்குறைக்கு அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய்ப் பூச்சு வேறு. அப்படியே பூசினால் துப்பாக்கி லேசாக வளையும்போதே வெள்ளை மார்புப்பட்டை நகப்பூச்சு போலத் தோலாகக் கழன்று வரும். சட்டத்தோடு வெந்நீரில் பாத்திர சோப்புக் கரைசலில் போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, ஒரு நாள் காயவிடுங்கள். அதன் பிறகு பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் (அடிப்பூச்சு), அக்ரிலிக் வர்ணம், கடைசியில் மேட் வார்னிஷ். ப்ரைமர் கிடைக்காவிட்டால் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தாலும் போதும். அது ரப்பர் போல வளைந்துகொடுக்கும். எனாமல் வேண்டாம், காய்ந்ததும் விறைத்து வெடிக்கும்.

வளைந்த பயனெட்டை விரலால் நிமிர்த்தினால் மறுநாள் பழையபடி வளைந்திருக்கும். ஆளை இடுக்கியில் பிடித்து, கொதித்து இறக்கிய நீரில் பத்துப் பதினைந்து விநாடி முக்கி, நேராக்கி, பிடியை விடாமல் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். குளிரும்வரை விரலை எடுக்கக் கூடாது, சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பிசிறை அரத்தால் தேய்த்தால் பஞ்சாகக் கிளம்பும். புது பிளேடால் சீவுங்கள். தலை மாற்ற நினைத்தால் பிளாஸ்டிக் சிமென்ட் இதில் ஒட்டவே ஒட்டாது. கழுத்தில் ஊசித் துளையிட்டு, பித்தளைக் கம்பித் துண்டு செருகி, சூப்பர் க்ளூ ஒரு சொட்டு வைக்க வேண்டும்.

குதிரைகளில் பாதி மூன்று காலில்தான் நிற்கும். அவற்றுக்கும் அதே வெந்நீர் வைத்தியம்.

தரைக்கு எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான பிளாஸ்டிக் நுரை) பலகை, அடியில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). 60 செ.மீ. சதுரத் துண்டுகளாகக் கட்டி, இணைப்பைச் சாலையோரத்திலோ வேலியிலோ ஒளித்தால் தூக்கிப் போகலாம். கரைப்பான் உள்ள ஸ்ப்ரே வர்ணம் நேரடியாகப் பட்டால் ஃபோம் அரித்துப் பள்ளமாகிவிடும், முதலில் ஃபெவிகால் பூசுங்கள். எம்டிஎஃப்பின் ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் அப்பளம் போல வளையும்; அடிப்பக்கமும் ஒரு கை வர்ணம் அடியுங்கள். அன்றைய வயல்களில் ரை (கோதுமை போன்ற தானியம்) பயிர் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குத் தேங்காய் நார் மிதியடியை வெட்டி ஒட்டுவதற்கு ஈடு இல்லை. படைகள் நடந்த வழியில் மட்டும் கத்தரித்துச் சாய்த்துவிடுங்கள். முந்தின இரவெல்லாம் மழை என்பதால் சாலை சேறாக இருக்க வேண்டும்.

120×180 செ.மீ. மேசை 1/72இல் 86×130 மீட்டர் நிலம்தான். அதில் நியாயமாக அடங்குவது வாட்டர்லூ களத்தில் இருந்த லா ஹே செந்த் பண்ணை வீடும் அதன் ஓரச் சாலையும். ஏர்ஃபிக்ஸ் அந்தப் பண்ணையைக் கிட்டாகவே (ஒட்டிச் சேர்க்கும் மாதிரிப் பெட்டியாக) போட்டிருக்கிறது. காவலுக்கு ஆங்கிலேயரின் சிவப்புச் சட்டைப் பெட்டியை வாங்கிவிடாதீர்கள்: மேஜர் பாரிங் தலைமையில் அங்கே முதலில் இருந்த ஏறத்தாழ 400 பேர், ஆங்கிலேய ராணுவத்தின் ஜெர்மானியப் படையான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் இரண்டாம் லைட் பட்டாலியன். பச்சை உடுப்பு, கையில் பேக்கர் ரைஃபிள். கிட்டில் களஞ்சியத்தின் வயல் பக்கக் கதவு இருந்தால் அதை ஒட்டாதீர்கள். முந்தின இரவு சிப்பாய்கள் அதை உடைத்து விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் பிரெஞ்சுக்காரர்கள் மோதிய இடங்களில் அந்தத் திறந்த வாசலும் ஒன்று. அணிக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்த, கட்டையால் அடிப்பவனையும் சாய்பவனையும் எடுத்துவந்து அங்கே நிறுத்துங்கள்.