சைக்கிள் வீல் ஒன்லைன்ல எடுக்கப் போறவங்க இத வாசிச்சிட்டு காசப் போடுங்க

கை நடுங்க நடுங்க எழுதுறேன், பிழை இருந்தா மன்னிச்சுக்கங்க. 38,500 ரூபா போச்சு. அம்மா சீட்டு எடுத்துக் குடுத்த காசு.

சைக்கிள் சாமான் விக்கிற ஒரு ஒன்லைன் பக்கம், பேர் வேணாம். நுவரெலியாவுல இருந்து நானுஓயாவுக்கு தினமும் எறக்கத்துல வேலைக்கு போறவன் நான், பழைய வீல் ரெண்டும் கோணிப் போச்சு, டபுள் வோல் ரிம் (உள்ள ரெண்டு தகடு இருக்குற ரிம்), 36 ஸ்டெயின்லஸ் கம்பி, கையால கோத்தது வேணும்னு கேட்டேன். அந்தாளு எவ்வளவு வெவரமா பேசுனாரு தெரியுமா, ஒவ்வொரு கம்பியும் மூணு கம்பிய குறுக்க தாண்டிப் போகணும் தம்பி, பின் வீல்ல செயின் பக்கத்துக் கம்பி மத்தப் பக்கத்த விட இறுக்கமா இருக்கணும், அப்பதான் ரிம் நடுவுல நிக்கும்னு சொல்லி, ஒரு பக்கத்துக் கம்பிய ஒவ்வொண்ணா சுண்டி வொய்ஸ் அனுப்புனாரு. எல்லாம் ஒரே சத்தம், அப்படின்னா எல்லாம் ஒரே இறுக்கம். ராத்திரி அத நாலு தடவ போட்டுக் கேட்டேன். தொழில் தெரிஞ்ச மனுசன் ஏமாத்த மாட்டார்னு விடிஞ்சதும் பேங்க்ல போட்டேன் 38,500.

வந்துச்சு, மாட்டுனேன். மூணாவது கெழம எறக்கத்துல பின் வீல் டக்குன்னு சத்தம், ரெண்டு கம்பி ஒடஞ்சு ரிம் கோணி பிரேக் கட்டையில இறுகிருச்சு, ரோட்டுல விழுந்தேன், பின்னால வந்த பஸ் எப்படி நின்னுச்சுன்னே தெரியல.

டவுன்ல வீல் கோணல் எடுக்குற வயசான பாஸ் ஒருத்தர் டயரக் கழட்டி உள்ள காட்டுனாரு. டபுள் வோல்னா நிப்பிள் (கம்பிய ரிம்முல இறுக்குற சின்ன நட்டு) தலை ரெண்டாவது தகட்டுக்கு கீழ குழியில இருக்குமாம், இதுல மேலயே கையில தட்டுது. கம்பியெல்லாம் வெறும் முலாம், நம்ம மழைக்கு அதுக்குள்ள துரு. சுண்டிப் பாத்தா ஒண்ணு கிண்ணுங்குது, பக்கத்துல ஒண்ணு தொளதொளங்குது. லூசான கம்பி ஒவ்வொரு சுத்துக்கும் தளந்து தளந்து இழுபட்டு ஹப்புல, அதான் வீல் நடு உருளையில, வளையிற எடத்துல ஒடையும்னாரு.

வித்தவனுக்கு கோல் எடுத்தா “ரோட்டுப் பள்ளத்துக்கு நாங்க என்ன பண்றது”, அப்புறம் “முதலாளி கொழும்புல”, அப்புறம் “சாமான அனுப்புங்க பாப்போம்”, இப்ப ப்ளொக். வொய்ஸையும் அழிச்சிட்டான்.

என்ன பாத்து வாங்கணும்னு விரிவா எழுத நெனச்சேன், முடியல. டயர் மாட்டுறதுக்கு முன்ன ரிம்முக்குள்ள பாருங்க. ஒரு பக்கத்துக் கம்பிய எல்லாம் நீங்களே சுண்டிப் பாருங்க. கையில சாமான் வராம காசு போடாதீங்க. வொய்ஸ், ஸ்லிப் எல்லாத்தையும் அன்னைக்கே சேவ் பண்ணி வைங்க, நான் பண்ணல. ஸ்லிப் மட்டும் இருக்கு, அத எடுத்துக்கிட்டு நாளைக்கு காலையில பொலிஸுக்கு போறேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.