வீட்டில் ஆள் வைக்க அரசு பணம் தரும் என்று சொன்னால் நம்பாதீர்கள்: 64,500 ரூபாயைப் பறிகொடுத்தவளின் எச்சரிக்கை

என் பணத்தை வாங்கிக்கொண்ட பியூரோவின் அலுவலகம் காலி செய்யப்பட்டுவிட்டது என்பது நேற்று மாலை எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. மும்பையில் வயதான தாய் தந்தையரை வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், குறிப்பாகக் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள், இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு பியூரோவிடம் நான் 64,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வார்கள், ஏமாற்றும் முறையை மாற்ற மாட்டார்கள் என்பதால் அந்த முறையைத்தான் எழுத வந்திருக்கிறேன். ஆள் வைக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு வயது 76. ஆறு வாரங்களுக்கு முன் விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. பாதி மூட்டை மாற்றும் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2,85,000 ரூபாய் பில்லை என் சேமிப்பிலும் தம்பி அனுப்பிய பணத்திலும் கட்டினோம். எழுபது வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை தரும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபர் இறுதியிலிருந்தே கொடுக்கப்படுகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திட்டத்தில் இணைந்த ஒரு மருத்துவமனையைத் தேடிப் போயிருப்பேன். அந்த அறியாமைதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வழி திறந்தது.

டிஸ்சார்ஜ் செய்யும்போது மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தாழ்வான இருக்கையில் உட்காரவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, தினமும் வாக்கர் பிடித்து நடக்கவைக்க வேண்டும். நானும் கணவரும் காலை ஏழரைக்கு ஹார்பர் ரயிலைப் பிடித்தால் இரவு எட்டுக்குத்தான் வீடு திரும்புவோம். எடுத்த விடுப்பும் தீர்ந்துகொண்டிருந்தது. வார்டில் வேலை செய்த ஒருவர் கையில் திணித்த விசிட்டிங் கார்டை வைத்துத்தான் அந்த பியூரோவை அழைத்தேன்.

அன்று மாலையே அதன் மேலாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் பேசிய தமிழைக் கேட்டு, "அக்கா, நீங்க திருநெல்வேலியா?" என்றார். தன் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்றார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே வந்தவர் நேராக அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, "ஆச்சி, எங்க ஆச்சி மாதிரியே இருக்கீக, கவலப்படாதீக, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றுதான். கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும் என்று அவரே எழுந்து வைத்துக் காட்டினார். மருத்துவமனையில் நர்ஸ் சொன்னதும் அதுவேதான். இந்த வேலை தெரிந்த மனிதர் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அட்டையைப் பற்றிப் பேச்செடுத்தார். அம்மாவின் ஆதாரைக் கேட்டு வாங்கி, தன் கைபேசியில் அம்மாவின் முகத்தைக் காட்டச் சொல்லி, சற்று நேரத்தில் வய வந்தனா அட்டையைத் தரவிறக்கி என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். அந்த அட்டை உண்மையானது. நான் சரிபார்த்தேன், அம்மாவின் பெயரும் படமும் சரியாக இருந்தன. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உண்மையான அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பொய்யான வாக்குறுதியை அவர் விற்றார். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த பிறகும் 15 நாள் செலவை இந்தத் திட்டம் ஏற்கிறது என்றும், நீண்டகாலப் பராமரிப்புப் பிரிவில் விண்ணப்பித்தால் வீட்டில் வைக்கும் ஆளின் சம்பளத்தையும் மாதாமாதம் திருப்பி வாங்கலாம் என்றும், முதலில் நாங்கள் கட்டிவிட்டால் ஒரு மாதத்தில் பணம் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும் என்றும் சொன்னார்.

நான் கணக்கு வேலை பார்ப்பவள். சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை, அவர் முன்னாலேயே கைபேசியில் தேடிப் பார்த்தேன். திட்டத்தின் விவரத்தில், சேருவதற்கு முன் 3 நாளும் வெளியேறிய பின் 15 நாளும் ஆகும் செலவு சேரும் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் மீதியையும் நம்பிவிட்டேன். அந்த 15 நாள் என்பது, திட்டத்தில் இணைந்த மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவருக்கு, அதே சிகிச்சையின் தொடர்ச்சியாக ஆகும் மருந்துக்கும் பரிசோதனைக்கும்தான். இது ரொக்கமில்லாத திட்டம். நாம் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பில்லை அனுப்பிப் பணம் கேட்கும் வழியே இதில் இல்லை. மேலும் அம்மாவின் அறுவை சிகிச்சை அட்டை எடுப்பதற்கு முன்பே, எங்கள் சொந்தப் பணத்தில் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் கூடுதலாகப் படித்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். ஆனால் பக்கத்து அறையில் அம்மா வலியில் முனகிக்கொண்டிருக்க, எதிரே உட்கார்ந்திருப்பவர் "அக்கா, நாளைக்குக் காலையிலயே ஆளு வந்துரும்" என்று சொல்லும்போது அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பதிவுக் கட்டணம் 5,000, திருப்பித் தரப்படும் டெபாசிட் 20,000, இருபத்து நான்கு மணி நேர ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 1,200 வீதம் ஒரு மாத முன்பணம் 36,000, அட்டைக்கும் கிளெய்முக்கும் 3,500. ஆக மொத்தம் 64,500 ரூபாய். அன்றிரவே இரண்டு தவணையாக யுபிஐயில் அனுப்பினேன். அட்டை எடுக்க அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்பது இப்போது தெரிகிறது.

மறுநாள் வந்த மாவ்ஷியை, அதாவது பார்த்துக்கொள்ள வந்த பெண்மணியை, நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாண் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாள் என் தாயை "ஆயி" என்று அழைத்து, குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார். மூன்று நாள் இருந்தார். நான்காம் நாள் காலை பையை எடுத்துக்கொண்டு, தனக்கு நாளுக்கு 600 ரூபாய்தான் பேசியிருக்கிறார்கள், முந்தைய வீட்டுக் கூலியே இன்னும் வரவில்லை, இனி இவர்களிடம் வேலை செய்ய முடியாது என்று அழுதுவிட்டுப் போனார். நான் 1,200 கட்டுகிறேன், உடம்பால் உழைப்பவர் கைக்குப் பாதிகூட முழுதாகப் போவதில்லை.

அடுத்து ஒரு சின்னப் பெண்ணை அனுப்பினார்கள். நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கக்கூட யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தாழ்வான முக்காலியில் அம்மாவை உட்காரவைக்கப் பார்த்தாள். நல்லவேளையாகப் பக்கத்து வீட்டு மாமி பார்த்துத் தடுத்துவிட்டார். பகலெல்லாம் அம்மா ஒரே பக்கமாக, நனைந்த டயப்பரோடு கிடந்திருக்கிறார். ஆறாம் நாள் இரவு நான் துடைக்கும்போது முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்து உரிந்திருந்தது. அது படுக்கைப்புண். அறுவை சிகிச்சை செய்த இடம் ஆறிவிட்டது, இந்தப் புண்தான் இன்னும் ஆறவில்லை. 64,500 ரூபாய் கொடுத்து இதைத்தான் வாங்கியிருக்கிறேன். மறுநாள் அந்தப் பெண்ணும் வரவில்லை. அதன் பிறகு யாருமே வரவில்லை.

அதற்கடுத்த நான்கு வாரமும் நான் கேட்ட பதில்களைச் சொல்கிறேன், உங்களுக்கும் இதே வரிசையில்தான் வரும். முதல் வாரம், கணபதிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, திங்கட்கிழமை ஆள் வரும் என்றார்கள். திங்கட்கிழமை புதன் ஆயிற்று. இரண்டாவது வாரம் மேலாளர் என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறொரு பெண் எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று இந்தியில் சொன்னார். கிளெய்ம் என்னாயிற்று என்று கேட்டதற்கு, கோப்பு புனேவில் நிலுவையில் இருப்பதாகப் பதில் வந்தது. கோப்பு எண் கேட்டேன், வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும் விழுந்தது. மூன்றாவது வாரம் டெபாசிட்டையாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். ரசீதைப் படியுங்கள் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ரசீதின் அடியில், எறும்பு போன்ற ஆங்கில எழுத்தில், செலுத்திய எந்தத் தொகையும் திருப்பித் தரப்படாது என்று அச்சிட்டிருந்தார்கள். வாயால் சொன்னது ஒன்று, தாளில் இருந்தது வேறு. என்னை அக்கா என்று அழைத்தவர் கடைசியாகப் பேசியபோது, "மேடம், நீங்க தேவையில்லாம டென்ஷன் ஆகுறீங்க" என்றார்.

அன்றுதான் ஆயுஷ்மான் திட்டத்தின் 14555 உதவி எண்ணை அழைத்தேன். வீட்டில் வைக்கும் ஆளுக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது, அப்படி ஒரு பிரிவே இல்லை என்று எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். அந்த அழைப்பை 64,500 ரூபாய் அனுப்புவதற்கு முன் செய்திருக்க வேண்டும்.

இந்தப் பொய் எடுபடுவதற்குக் காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. அறுவை சிகிச்சைக்கு அரசு 5 லட்சம் வரை தருகிறது. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த கிழவியைப் புரட்டிப் போட, குளிப்பாட்ட, நடக்கவைக்க ஒரு ஆளுக்கு யார் தருகிறார்கள்? வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயதிலிருந்து 500 ரூபாய். இந்த ஊரில் ஒரு ஆளின் ஒரு நாள் கட்டணமே 1,200. மருத்துவமனை வாசலுக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவே உள்ள இந்த வெற்றிடத்தில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை போடுகிறார்கள். அப்படி ஒரு உதவி இருக்கக் கூடாதா என்று நாம் ஏங்குவது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நேற்று அலுவலகத்திலிருந்து பாதி நாள் விடுப்பு எடுத்து நேரில் போனேன். ரயில் நிலையத்துக்கு அருகே, மாடியில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அறை அது. முன்பு ரசீது வாங்கப் போனபோது சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு உரிமத்தைப் பார்த்து, அரசு அங்கீகாரம் என்று நினைத்திருந்தேன். அது எந்தக் கடைக்கும் கிடைக்கும் குமாஸ்தா லைசென்ஸ்தான் என்பது, அன்று எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அறை பூட்டியிருந்தது, பலகை கழற்றப்பட்டிருந்தது. பத்து நாள் முன்பே சாமான்களை ஏற்றிவிட்டார்கள் என்றும், இந்த வாரத்தில் என்னைப் போல் வந்து நிற்கும் நான்காவது ஆள் நான் என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன், முத்திரை குத்திய நகல் கையில் இருக்கிறது. இணையவழிப் பண மோசடிக்கான 1930 எண்ணிலும் பதிவு செய்தேன், ஆனால் பணம் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நிறுத்திவைக்க எதுவும் மிஞ்சியிருக்காது என்றார்கள். மூத்த குடிமக்களுக்கான 14567 எண்ணில் பேசிய பெண் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்படி சொன்னார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன். அம்மாவுக்கு மருந்து மாற்றும் நேரமாகிவிட்டது, அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் வைக்கும் ஆளுக்கு வய வந்தனா அட்டையில் பணம் வரும் என்பவரை அப்போதே வெளியே அனுப்புங்கள். அட்டையை ஆயுஷ்மான் செயலியில் நீங்களே இலவசமாக எடுங்கள். ஒரு மாதப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள். வரும் ஆளிடம் அவர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று முதல் நாளே கேளுங்கள். ஆதாரைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே அதன் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவை, பூட்டுங்கள், நான் பூட்டிவிட்டேன்.

அந்த வாட்ச்மேன் சொன்ன மற்ற மூவரில் யாராவது இதைப் படித்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். உங்கள் ரசீதிலும் அதே யுபிஐ எண் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், மனுவில் எல்லோரையும் சேர்த்துப் போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் சனிக்கிழமை கேட்கப் போகிறேன்.