கூடத்து டிவியில் எந்தப் பேய் எடுபடும்?

தியேட்டரில் 'அவள்' பார்த்தபோது பக்கத்து இருக்கைக்காரர் கையிலிருந்த பாப்கார்னில் பாதி என் மடியில் கொட்டியது. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கோபப்படவில்லை. இருவருக்கும் அப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. மிலிந்த் ராவ் இயக்கத்தில் சித்தார்த்தும் ஆண்ட்ரியாவும் நடித்து 2017-ல் வந்த படம் அது. மலைப் பிரதேசத்தில் ஒரு தனி வீடு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பம், அந்த வீட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் ஆவி. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று வாங்கிய சான்றிதழுக்கு முழு நியாயம் செய்த படம்.

இரண்டு வருடம் கழித்து அதையே வீட்டில் போட்டேன். ஆவி முழு வேகத்தில் வந்துகொண்டிருந்த நேரம் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "எத்தனாவது விசில்டா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார். "மூணு" என்றேன். அவ்வளவுதான், பேய் போய்விட்டது.

படத்தின் மேல் குற்றமில்லை. திடுக்கிட வைக்கும் படங்களுக்கு மூலதனமே இரண்டுதான்: முழு இருட்டு, நாலாபக்கமும் சூழ்ந்துவரும் ஒலி. வீட்டில் இரண்டும் கிடையாது. டியூப்லைட்டை அணைத்தாலும் ஒரு மூலையில் ரவுட்டரின் பச்சை விளக்கு மினுங்கும், ஜன்னல் வழியே தெருவிளக்கு எட்டிப் பார்க்கும். இணையத்தில் ஓடும் படத்தில் கறுப்பு கறுப்பாக இருக்காது. இருட்டுக் காட்சி வந்தால் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாக நெளியும். டிவி ஸ்பீக்கரோ பெரும்பாலும் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. வசனம் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி ஒரு கதவு படாரென்று சாத்தும், அலறிக் குறைப்போம். ரிமோட் வைத்திருப்பவருக்குப் பயம் வராது. அவர் வேலையில் இருக்கிறார்.

ஆகவே எந்தப் படம் அதிகம் பயமுறுத்தும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். குக்கர் விசிலைத் தாண்டி எது நிற்கும்? இங்கே நான் படங்களை எதிரெதிரே நிறுத்துவது அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான்.

முதல் ஜோடிக்கு ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டிலும் டிவிதான் வில்லன்.

'யாவரும் நலம்', 2009. விக்ரம் கே. குமார் இயக்கம், பி. சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன் நாயகன். இந்தியிலும் '13பி' என்று சேர்த்தே எடுத்தார்கள். அடுக்குமாடியின் 13-வது மாடியில் ஒரு கூட்டுக் குடும்பம் சொந்த வீடு வாங்கிக் குடிபோகிறது. பால் திரிகிறது. லிஃப்ட் எல்லோருக்கும் வேலை செய்கிறது, மாதவனுக்கு மட்டும் செய்வதில்லை. அவரை வீட்டுக்குள் வைத்துக் கைபேசியில் படமெடுத்தால் முகம் கோணிக்கொள்கிறது. பகல் ஒரு மணிக்கு டிவியில் ஒரு தொடர் வருகிறது. அதில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகிறது. அவர்களுக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கிறது.

இதில் இருட்டுக்கு ஏங்க வேண்டிய வேலையே இல்லை. சாப்பாட்டு நேரத்தில், ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, வீட்டுப் பெண்கள் சீரியல் பார்க்கும் பட்டப்பகலில் நடக்கிற திகில் இது. குக்கர் விசில் அடித்தால் அதுவும் படத்தின் ஒலிப்பதிவோடு சேர்ந்துகொள்கிறது. படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறோம். அங்கே நம் வீட்டுப் பால் பாத்திரம் இருக்கிறது. அதை ஒரு தரம் திறந்து பார்க்காமல் திரும்ப முடிவதில்லை. தியேட்டருக்கென்று எடுத்த படம்தான், ஆனால் வீட்டில்தான் அது முழுதாகிறது என்பது என் எண்ணம்.

'டிமான்டி காலனி', 2015. அஜய் ஞானமுத்துவின் முதல் படம், அருள்நிதி நாயகன். சென்னை ஆழ்வார்ப்பேட்டையில் நிஜமாகவே இருக்கும் இடம். போர்த்துகீசிய வணிகர் டி மான்டியின் பெயரைத் தாங்கியது. நான்கு நண்பர்கள் ஓர் இரவு அங்கிருக்கும் பாழ் பங்களாவுக்குள் போய்வருகிறார்கள். பிறகு அவர்கள் தங்கள் அறையில் மாட்டிக்கொள்ள, டிவியில் ஓடும் பேய்ப்படத்தில் அவர்களே வருகிறார்கள். இரண்டாம் பாதி கிட்டத்தட்ட அந்த ஒரே அறைக்குள் நடக்கிறது. கதவு திறக்காது, வெளியே போக வழியில்லை. நாமும் ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஒரு டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் தாமதமாக உறைக்கும்.

இரண்டில் எது? முதல் பாதியைக் கேட்டால் சந்தேகமில்லாமல் 'யாவரும் நலம்'. 'டிமான்டி'யின் முன்பாதி நண்பர்களின் அரட்டையிலும் குடியிலும் சாவகாசமாக நகர்கிறது. தியேட்டரில் பொறுத்திருப்போம். வீட்டில் கை தானாகக் கைபேசிக்குப் போய்விடும், பிறகு அது திரும்பி வராது. ஆனால் பார்ப்பவர்கள் நான்கு பேச்சிலர்கள், பாயில் படுத்துக்கொண்டு, மேன்ஷன் அறையில் என்றால் கணக்கே மாறிவிடும். அந்த அரட்டை அவர்களுடைய அரட்டை. குடும்பத்தோடு என்றால் 'யாவரும் நலம்', அறைத் தோழர்களோடு என்றால் 'டிமான்டி'. இதன் இரண்டாம் பாகம் 2024-ல் வந்தது. நான் சொல்வது முதலாவதை.

அப்புறம் 'மாயா'வும் 'பீட்சா'வும். சமூக ஊடகங்களில் யார் பட்டியல் போட்டாலும் இரண்டும் தவறாமல் இருக்கும். அஸ்வின் சரவணனின் 'மாயா'வில் (2015) எனக்குப் பிடித்தது அதன் கரு. ஒரு பேய்ப்படத்தைத் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து பார்த்துமுடித்தால் பணம் தருகிறேன் என்கிறார் அதை எடுத்தவர். கடனில் இருக்கும் நயன்தாரா துணிந்து போய் உட்காருகிறார். தனியாகப் படம் பார்ப்பதைப் பற்றியே ஒரு படம்! வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கரு உண்டா என்று தோன்றும். ஆனால் கதை இரண்டு இழையாகப் போகிறது, அதில் ஒன்று கறுப்பு வெள்ளையில். நடுவில் கூரியர்காரர் மணி அடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்த இழையில் இருந்தோம் என்று தேட வேண்டியிருக்கிறது. விசில் தேர்வில் தோல்வி. தனியாக, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார்க்க முடிந்தவர்கள் பார்க்கலாம்.

கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) தேறிவிடுகிறது. பாழ் பங்களாவில் ஒரு டார்ச் வெளிச்சத்தோடு விஜய் சேதுபதி அலையும் அந்த நீண்ட பகுதியில் திரையில் வெளிச்சம் விழும் இடம் ஒன்றே ஒன்று. மட்டமான டிவியிலும் கண் அதைவிட்டு நகராது. முடிவு தெரிந்தபின் அந்தப் பகுதி பயமுறுத்துவதில்லை என்பது ஒரு குறை. ஆனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது வேறொரு வேடிக்கை இருக்கிறது. அதை நான் இங்கே சொன்னால் முதல் தடவைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் ஓரம்கட்டும் ஒரு படம் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. ராகுல் சதாசிவனின் 'பூதகாலம்', மலையாளம். 2022-ல் தியேட்டருக்குப் போகாமல் நேராக ஓடிடிக்கு வந்த படம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மனச்சோர்வில் தவிக்கும் அம்மாவாக நம் ரேவதி, வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். பாட்டி இறந்துபோகிறார். வாடகை வீட்டில் மகனுக்கு ஏதேதோ தெரிய ஆரம்பிக்கிறது. அவன் குடிக்கிறான், தூங்குவதில்லை, ஆகவே அவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. வீட்டில் பேய் இருக்கிறதா, அந்த இருவரின் மனசில்தான் இருக்கிறதா என்பதை வெகுநேரம் சொல்லாமல் இழுக்கிறார்கள். ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான்.

படம் இரண்டு மணிநேரம்கூட இல்லை. சத்தம் குறைவு. ஹெட்ஃபோனோடு தனியாகப் பார்த்தால் நம் வீட்டுப் பல்லி சத்தமிட்டால்கூட எது உள்ளே, எது வெளியே என்று புரியாது. 'அவள்' கத்தித் தோற்ற கூடத்தில் இது கிசுகிசுத்து ஜெயிக்கிறது. ஒரே எச்சரிக்கை: வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லாத காலமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். பேய் போனபிறகும் அந்த அம்மாவும் மகனும் போக மாட்டார்கள்.

குழந்தைகள் கூட உட்காருவார்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். 'மணிச்சித்திரத்தாழ்' (1993) அல்லது 'சந்திரமுகி' (2005). ஒரே கதையின் மலையாள மூலமும் தமிழ் வடிவமும். முதலாவதில் ஷோபனா, தேசிய விருது வாங்கியவர்; இரண்டாவதில் ஜோதிகா. பாசிலின் படத்தில் அந்தக் குடும்பத்தின் நகைச்சுவையும் பயமும் ஒரே சரட்டில் கோத்திருக்கும். பி. வாசுவின் படத்தில் ரஜினி வந்துவிட்டால் பயம் வெளியே போய் நின்றுகொள்ளும், குழந்தைகளுக்கு அது வசதி. எனக்கு இதில் ஒரு விஷயம் எப்போதும் வேடிக்கை. மலையாளப் படத்தின் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசிப் பயமுறுத்துகிறாள். தமிழ்ப் படத்தின் சந்திரமுகி ஆந்திரத்துக்காரி, தெலுங்கு பேசுகிறாள். பக்கத்து ஊர் பாஷை பேசினால்தான் அது பேய் போலிருக்கிறது. பெரியவர்களுக்கு மலையாளம், பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது என் தீர்ப்பு. 'காஞ்சனா', 'அரண்மனை' வகையறாவை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவை திருவிழாச் சாப்பாடு, இங்கே பேச்சு பத்தியத்தைப் பற்றி.

சரி, பேய் இல்லாத படங்கள். சஸ்பென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எஸ். பாலசந்தரின் 'பொம்மை' (1964) போதும். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு. நமக்குத் தெரியும், அதைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. பொம்மை கை மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது படத்தை நிறுத்திவிட்டு அரிசி களைந்துவிட்டு வாருங்கள். குண்டு அங்கேயேதான் இருக்கும், நீங்கள் அரிசி களையும்போதும் மண்டையில் டிக் டிக் என்று ஓடும். திகில் காதிலும் கண்ணிலும் இருக்கிறது, இடையூறு வந்தால் கலைந்துவிடும். சஸ்பென்ஸ் தலைக்குள் இருக்கிறது. வீட்டுக்கு அது தோதான சரக்கு.

இந்த வகையில் என் வீட்டில் மோதும் இருவர் 'ராட்சச'னும் 'அந்த நா'ளும். இடையே 64 வருட இடைவெளி.

ராம்குமாரின் 'ராட்சசன்' (2018) பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொல்பவனைத் துரத்தும் கதை. சினிமா இயக்குநராக ஆசைப்பட்டு, அது கைகூடாமல் போலீசான விஷ்ணு விஷால். படத்துக்காகச் சேர்த்துவைத்த கொலைகாரர் குறிப்புகளே துப்புக்கு உதவுகின்றன. பரிசுப் பெட்டியில் வரும் அந்தச் சிதைந்த பொம்மை முகமும் ஜிப்ரானின் இசையும் சேர்ந்தால் டிவி ஸ்பீக்கரின் வரம்பெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இறுக்கத்தில் இதற்கு ஈடு சொல்ல எனக்குச் சமீபத்திய தமிழ்ப் படம் தோன்றவில்லை. ஆனால் நீளம் ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முடியும், மூன்று மணிக்குத்தான் தூக்கம் வரும். பெண்பிள்ளைகள் படும் கொடுமை, அதிலும் வகுப்பறைக்குள் ஒரு ஆசிரியர் நடந்துகொள்ளும் விதம், பள்ளிக்கு அனுப்பும் வயதில் மகள் இருப்பவர்களை வேறு மாதிரி அடிக்கும். என் அக்கா அந்த இடத்தில் எழுந்து போனவர், மிச்சத்தை இன்றுவரை பார்க்கவில்லை.

'அந்த நாள்' 1954. இதுவும் பாலசந்தர், ஏவி.எம். தயாரிப்பு. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். நடனம், சண்டை எதுவும் கிடையாது. 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட சமயம். படம் தொடங்கியதும் சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். பிறகு மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்குத் தன் கோணத்தில் நடந்ததைச் சொல்ல, ஒவ்வொரு கதையிலும் செத்த மனிதர் வேறு ஆளாகத் தெரிகிறார். குரோசவாவின் ஜப்பானியப் படமான 'ரஷோமோன்' கொடுத்த உந்துதல்தான், ஆனால் மண் மெட்ராஸ் மண். துப்பறிபவராக வரும் ஜாவர் சீதாராமன்தான் வசனம் எழுதியவரும்.

வாக்குமூலம் வாக்குமூலமாக நகர்வதால் இதை எந்த இடத்தில் நிறுத்தினாலும் பாதகமில்லை. நிறுத்திய இடத்தில் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கும். அடர்ந்த நிழலும் வெளிச்சமுமாக எடுத்த கறுப்பு வெள்ளை; இந்தக் கூடத்து விளக்கு அதை ஒன்றும் செய்துவிடுவதில்லை. பதைபதைப்பில் 'ராட்சசன்' பல படி மேலே. இருந்தும் அதை நான் ஒரு தரம்தான் பார்த்தேன். 'அந்த நாள்' மூன்றாகிவிட்டது.

மூன்றாவது தரம் போன மாதம். கொன்றது யாரென்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் தம்பி பேச ஆரம்பித்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "எனக்கென்னவோ இவன் மேலதான்டா சந்தேகம்" என்றார். உள்ளே குக்கர் நான்கு விசில் அடித்தது. ஐந்தாவதும் அடித்தது. இருவரும் எழுந்து போகவில்லை. அன்று சாதம் குழைந்துவிட்டது.