நடுராத்திரியில் எழுப்பிவிடும் வெதர் ரேடியோ

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் என்ற ஊரில் எங்களுக்கு இது மூன்றாவது மே மாதம். பக்கத்து ஊர் மூர். 2013 மே 20 அன்று அங்கே வீசிய டொர்னேடோ என்ற சுழல்காற்றில் 24 பேர் இறந்தார்கள். அது தெரிந்தும், ஊரில்தான் சைரன் இருக்கிறதே என்று முதல் இரண்டு வருஷம், வானிலை எச்சரிக்கை வந்ததும் தானே அலறும் இந்த வெதர் ரேடியோவை வாங்காமல் இருந்துவிட்டோம். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கினால் கேட்காது. போன வருஷம் ஒரு ராத்திரி எச்சரிக்கை வந்து போனதையே காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். போன் கீழே ஹாலில் சார்ஜில் கிடந்தது. அன்றைக்கே இதை வாங்கிவிட்டேன்.

பெட்டி கைக்கு அடக்கம். விலை 40 டாலருக்குள். ஆனால் உங்கள் கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) குறியீட்டை முதலில் போட்டுவிடுங்கள், எங்களுக்கு 040027. நான் போடாமல் விட்டதால் முதல் வாரம் எங்கெங்கோ இருக்கிற கவுன்டிகளின் எச்சரிக்கைக்கெல்லாம் அலறித் தீர்த்தது. குறியீடு போடும் முறையைக் கையேட்டில் பொடி எழுத்தில் குழப்பி வைத்திருக்கிறார்கள். அதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். இன்னொன்று, மாடிப்படிக்குக் கீழே உள்ள, ஆள் உட்காரும் அளவு பெரிய அலமாரியில் வைத்தால் சிக்னல் எடுக்கவில்லை. படுக்கையறை ஜன்னலோரம் வைத்ததும் குரல் தெளிவாகிவிட்டது. புதன்கிழமைதோறும் சோதனைச் செய்தி வரும். அது வந்தால் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இந்த ஏப்ரலில் ராத்திரி 2 மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்து, சத்தம் சுவரையே அதிர வைத்தது. அடுத்த நிமிஷமே எங்கள் கவுன்டியின் பெயரைச் சொன்னது. பிளக்கைப் பிடுங்கினேன், மூன்று பேட்டரியில் தொடர்ந்து பேசியது. பையனுக்கு சைக்கிள் ஹெல்மெட் மாட்டி, எல்லோரும் ஷூ போட்டுக்கொண்டு படிக்கட்டு அலமாரிக்குள் போய் உட்கார்ந்தோம். வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த அம்மா என் கையை விடவே இல்லை. "கஜா வந்தப்போ ரெண்டு மூணு நாள் முன்னாடியே சொன்னாங்கடி. இங்க கால் மணி நேரம்கூட இல்லையே" என்றார். அதுதான் உண்மை. டொர்னேடோ எச்சரிக்கைக்கும் காற்று வந்து அடிப்பதற்கும் நடுவில் பல நேரம் பத்துப் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும். தூக்கத்தில் அதில் ஐந்து நிமிஷம் போனால்கூடப் பெரிய இழப்பு.

அன்று எங்கள் தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடை நேரத்துக்காக இங்கே மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் அன்றே பேட்டரியையும் மாற்றிவிடுகிறேன். மூடி இறுக்கம், திறக்க ஸ்பூன் காம்பு வேண்டும்.